சிங்கப்பூரில் தேசிய சேவை என்னும் கட்டாய ராணுவ சேவைக்காக முகாமில் இருக்கும் மகனுக்கு, தேர்வுக்கு முன்

அன்புள்ள தம்பி,

வாட்ஸப்பில் அனுப்பினால் நாலு செய்திக்குக் கீழே போய்விடும் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். லாக்கரில் வைத்துக்கொள், படுக்கப் போகும் முன் பிரித்துப் பார்.

"நாளே இல்லையேம்மா, அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளட்டுமா?" என்று போன முறை முகாமிலிருந்து புக்-அவுட் ஆகி வீட்டுக்கு வந்தபோது கேட்டாய். அப்பா முன்னால் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்: வேண்டாம்பா, இந்த வருஷமே எழுது. தேசிய சேவையில் இருந்துகொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போவதற்கான ஏ லெவல் தேர்வைத் தனித் தேர்வராக மறுபடி எழுதுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும். பகலெல்லாம் வெயிலில் பயிற்சி, ராத்திரி கண்ணைத் திறக்கவே முடியாது. ஆனால் உனக்குக் குறைவது நேரம் மட்டுமில்லை. எதை விடுவது என்று நீ இன்னும் முடிவு செய்யவில்லை. எல்லாவற்றையும் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கினால் கணிதத்தில் வெக்டர் பாடத்தைத் தாண்டுவதற்குள் நவம்பர் வந்துவிடும்.

நீ எழுதும் எச்2 நிலைக் கணிதத்தில் இரண்டு தாள், ஒவ்வொன்றும் 3 மணி நேரம், 100 மதிப்பெண். இரண்டாம் தாளில் 60 மதிப்பெண் ஸ்டாடிஸ்டிக்ஸுக்கு, அதாவது புள்ளியியலுக்கு. மொத்தம் 200-இல் 60! அந்த 60-க்கு இருப்பதோ விரல் விட்டு எண்ணக்கூடிய பாடங்கள்: பெர்முடேஷன், நிகழ்தகவு, பைனாமியல், நார்மல், சாம்ப்ளிங், ஹைப்போதெசிஸ் டெஸ்ட், ரிக்ரெஷன். ப்யூர் மேத்ஸ் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகாது. இரண்டு வாரம் உட்கார்ந்தால் கைக்கு வந்துவிடும். இத்தனை வருஷம் வீட்டில் டியூஷன் சொல்லிக்கொடுத்ததில், கடைசி நேரத்தில் மேலே வந்த பிள்ளைகள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வந்தார்கள். அதனால் முதலில் இதை முடி.

உன் பழைய விடைத்தாள்களை எடுத்துப் பார்த்தேன், நீ தப்பாக நினைக்காதே. ஒரு கூற்றை மாதிரியை வைத்துச் சோதிக்கும் ஹைப்போதெசிஸ் டெஸ்டில் கணக்கெல்லாம் சரி. மியூ என்ற குறி எதன் சராசரியைக் குறிக்கிறது என்று எழுதவில்லை. கடைசியில் "ரிஜெக்ட்" என்று ஒரு சொல்லோடு நிறுத்திவிட்டாய். 5 சதவீத அளவில் ஆதாரம் போதுமா போதாதா, அது அந்தக் கேள்வியில் வரும் பொருளைப் பற்றி என்ன சொல்கிறது என்று முழு வாக்கியமாக எழுத வேண்டும். பைனாமியல் ஏன் பொருந்தும் என்று கேட்டாலும் அப்படித்தான். புத்தகத்து நிபந்தனையை அப்படியே ஒப்பிக்காமல் கேள்வியில் வரும் பல்பையோ பயணியையோ வைத்துச் சொல். தெரிந்த பாடத்தில் போன மதிப்பெண் இவை, இவற்றைத் திரும்ப வாங்குவதுதான் இப்போது சுலபம்.

பழைய வினாத்தாள்களில் 2017 முதல் புதிய பாடத்திட்டத்தில் வந்தவற்றை மட்டும் செய். அதற்கு முந்தியது வேறு பாடத்திட்டம். பாய்சான், இண்டக்ஷன் என்று இப்போது இல்லாததெல்லாம் அதில் வரும். சனிக்கிழமை காலையில் 3 மணி நேரம் கடிகாரம் வைத்து ஒரு முழுத் தாள் எழுது. 100 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம் என்றால் 10 மதிப்பெண் கேள்விக்கு 18 நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடு. உனக்கு இது பிடிக்காது, ஆரம்பித்ததை முடிக்காமல் எழுந்திருக்க மாட்டாய். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், அந்தக் குணம் எனக்குப் பிடிக்கும். தேர்வு அறையில் மட்டும் அது வேண்டாம்.

பொருளியலில் எனக்கு அவ்வளவு தெரியாது. கட்டுரைத் தாளில் இரண்டரை மணி நேரத்தில் மூன்று கட்டுரை, ஒன்றுக்கு 50 நிமிடம், அவ்வளவுதான் சொல்ல முடியும். முகாம் அறையில் அலுத்துப் படுத்திருக்கும்போது முழுக் கட்டுரை எழுத முடியாது. ஒரு கேள்விக்கு எலும்புக்கூடு மட்டும் அரைப்பக்கம் போட்டுப் பழகு.

தீபாவளி இந்த வருஷம் நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை, தேர்வுகளுக்கு நடுவில் வருகிறது. காலையில் எண்ணெய்க் குளியல், கோயில், மதியச் சாப்பாடு, இது மூன்றும் உண்டு. அதற்கப்புறம் உன் அறைக் கதவு மூடியிருக்கும். யார் வந்து கேட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். மாமா வீட்டுக்கு நானும் அப்பாவும் மட்டும் போய் வருவோம், முன்கூட்டியே சொல்லிவிட்டேன். தம்பி எதற்கு மறுபடி எழுதுகிறான் என்று சித்தி கேட்டாள். அவனுக்கு அந்தப் படிப்பு வேண்டும், அதனால் எழுதுகிறான் என்றேன். எனக்கு அதில் பெருமைதான் தம்பி.

ராத்திரி ஒரு மணி வரை டார்ச் அடித்துக்கொண்டு படிக்காதே. காலையில் துப்பாக்கியும் கையுமாக நிற்க வேண்டிய பிள்ளை நீ. அரை மணி நேரம், இரண்டு கேள்வி, போதும். செய்ததைப் படம் எடுத்து அனுப்பு, நான் திருத்தி வைக்கிறேன். சேர்த்து வைத்திருக்கும் விடுப்பை ஒவ்வொரு தாளுக்கும் முந்தைய நாள் வருகிற மாதிரி பிரித்துக் கேள். மொத்தமாக முன்னாலேயே எடுத்துவிடாதே. உன் சார்ஜண்டிடம் தேர்வு அட்டவணையை இந்த வாரமே காட்டிவிடு. எந்தெந்த நாள் கிடைத்தது என்று தெரிந்ததும் எழுது, நானும் அந்த நாட்களில் டியூஷன் வைக்காமல் வீட்டைக் காலியாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா