கையெழுத்துப் போடாதே, பாப்பா

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. நீ கேட்ட நெல்லிக்காய் ஊறுகாயை நாளைக்குப் பார்சலில் போடுகிறேன்.

போன ஞாயிறு "ஆபீஸ் எப்படிம்மா" என்று கேட்டேன். "ம், போகுதுப்பா" என்றாய். வேலையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுகிற பிள்ளை நீ. மாப்பிள்ளையிடம் கேட்டால், "அவளே சொல்வா மாமா" என்கிறார். ஐந்தாம் மாதத்தில் உன்னைக் குடையக் கூடாது என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்றுமில்லை என்றால் இதை மடித்து வைத்துவிடு. யாராவது ஒரு தாளை நீட்டி, "நீங்களே எழுதிக் கொடுத்துட்டா உங்களுக்குத்தான் மரியாதை" என்றால் கையெழுத்துப் போடாதே. அவர்களே வேலையை விட்டு எடுத்தார்கள் என்றால் பேறுகாலச் சட்டப்படி 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். நீயே விலகியதாக எழுதிக் கொடுத்தால், கட்டாயப்படுத்தினார்கள் என்பதை நீதான் நிரூபித்துக்கொண்டு அலைய வேண்டும்.

ஏர் இந்தியாவில் முதல் கர்ப்பத்திலேயே பணிப்பெண்ணை வீட்டுக்கு அனுப்பும் விதி இருந்தது. 1981-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சேர்ந்து நான்கு வருஷத்துக்குள் கல்யாணம் கூடாது என்ற விதியை மட்டும் அதே தீர்ப்பு விட்டுவைத்தது. அதை என்னால் இன்னும் ஏற்க முடியவில்லை. எல்.ஐ.சி.யில் புதிதாகச் சேர்ந்த பெண், மாதவிலக்குத் தேதியைப் பாரத்தில் தவறாக எழுதினாள் என்று நீக்கினார்கள். 1991-ல் அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. அந்தக் கேள்விகளையே எடுத்துவிடுவது நல்லது என்றார்கள் நீதிபதிகள். அதெல்லாம் அரசு நிறுவனம் என்பார்கள். பேறுகாலச் சட்டம் தனியாருக்கும்தான், பாப்பா. நீ ஒப்பந்த வேலை என்று தயங்காதே. தில்லியில் ஒரு டாக்டரம்மாவுக்குப் பேறுகால விடுப்பு தொடங்கிய சில நாளில் ஒப்பந்தம் முடிந்தது. 26 வாரத்துக்கும் பேறுகாலப் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும் என்று 2023-ல் தீர்ப்பு. வேலை நீளாது, பணம் வரும்.

நம் தெருவில் முதன்முதலில் இன்ஜினியர் ஆனவள் நீ. உனக்கா நான் சட்டம் சொல்ல வேண்டும்? ஆனாலும் அப்பனிடம் மறைக்கிறாயே.

உன்னிடம் நானும் ஒன்றை மறைத்திருக்கிறேன். 1997-ல் மில் ஆபீஸில் கணக்கு எழுதிய ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம். மேனேஜர் சொன்னார், ராஜினாமாவை நான் டைப் அடித்தேன். "சொந்தக் காரணங்களுக்காக" என்று போட்டதும் நான்தான். "போட்டுத்தான் ஆகணுமாண்ணே?" என்று கேட்டாள். நான் பேனா மூடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தேன். எல்.ஐ.சி. தீர்ப்பு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் டைப் அடித்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த மாதச் சம்பளத்தில் உனக்குப் பள்ளிக்கூடச் சீருடை எடுத்தோம்.

நியமன உத்தரவு, சம்பளச் சீட்டு, அவர்கள் அனுப்பிய மெயில், எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து வீட்டில் வை. வாயால் சொன்னதை அன்றைக்கே தேதி போட்டு எழுதி வை. கையெழுத்து மட்டும் வேண்டாம்.

ஞாயிறு காலை அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள். ஒன்பது மணி வரை நான் தனியாகத்தான் இருப்பேன். கூப்பிடு.

அப்பா