கோபுரத்துக்கு அடியில் ஒரு ராஜா

அன்புள்ள சேது,

முழங்கால் அறுவைக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாய் என்று படித்ததும் நிம்மதியாயிற்று. நான்தான் இங்கே சறுக்கி விழுந்தேன்.

போன மாதம் ஒரு நாணயக் கண்காட்சியில் ஸ்பானிஷ் எட்டு ரியால் வெள்ளிக்காசு வாங்கினேன். ஸ்பெயின் ராஜா மூன்றாம் கார்லோஸின் தலை, 1770, மெக்சிகோ அச்சு. வீட்டில் தராசில் வைத்தால் 24 கிராம். நல்ல காசு 27 நிற்கும். அப்புறம்தான் உறைத்தது: மெக்சிகோ காசில் ராஜாவின் தலை ஏறியதே 1772இல். அதுவரை இரண்டு தூண்கள், நடுவே இரண்டு உலக உருண்டைகள். முப்பது வருடமாகச் சேகரிக்கிறவன் ஆண்டைப் பார்க்காமல் பணத்தை எண்ணிக் கொடுத்திருக்கிறேன்! விற்றவரை மட்டும் என்ன சொல்ல? அதே 1772இலும் பிறகு 1786இலும் வெள்ளியின் மாற்றை, அதாவது தூய்மையை, சத்தமில்லாமல் குறைத்தது ஸ்பெயின் அரசுதானே.

சீன முத்திரை குத்திய காசு சேதப்பட்டதுதானா என்று கேட்டிருந்தாய். விலை குறைவாகத்தான் போகும். எனக்கோ அதுதான் பிடிக்கும். 1565 முதல் 1815 வரை மெக்சிகோவின் அகாபுல்கோ துறைமுகத்திலிருந்து மணிலாவுக்குக் கப்பல் கப்பலாக வெள்ளி போனது. சீனப் பட்டு திரும்பி வந்தது. சீனாவில் அந்தக் காசை வாங்கிய சராப்புகள், அதாவது காசு மாற்றும் வியாபாரிகள், சோதித்துப் பார்த்து, 'நல்லது' என்று தங்கள் முத்திரையைக் குத்தினார்கள். மழமழவென்ற காசுக்கு அந்தச் சாட்சி ஏது?

மனம் ஆறாமல், அன்று இரவு பழைய அரை வராகன் வெள்ளிக்காசை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 1807 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அக்கசாலை, காசு அடிக்கும் கூடம், அடித்தது. ஒரு பக்கம் கோபுரம், சுற்றிலும் நட்சத்திரங்கள். மறுபக்கம் திருமால், தமிழிலும் தெலுங்கிலும் காசின் பெயர். புதிதாக வெள்ளி உருக்கவில்லை. ஸ்பானிஷ் காசையே 21 கிராமுக்குச் சீவி, அதன்மேல் அடித்துவிட்டார்கள். பூதக்கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால், நட்சத்திரங்களுக்கு நடுவே பழைய லத்தீன் எழுத்தின் கால் ஒன்று தெரிகிறது. எந்த ராஜாவின் பெயரோ! தென்னமெரிக்காவின் பொதோசி வெள்ளிமலையில் வெட்டியதா, மெக்சிகோ சுரங்கத்தில் வெட்டியதா, அதுவும் தெரியவில்லை. நம்மூர்த் துணிக்கு ஈடாக வெள்ளைக்காரன் கொண்டுவர வேறு சரக்கு அதிகம் இல்லாததால் வந்த வெள்ளி.

உன் கண் இன்னும் கூர்மையாக இருக்கிறது. பொங்கலுக்கு வரும்போது அந்த எழுத்தைப் பார்த்துச் சொல். போலியையும் எடுத்து வைத்திருக்கிறேன், சிரிக்க வேண்டுமே.

அன்புடன்,
ராமு