எங்கள் ஃபாதர் சொல்லிக்கொண்டு போக ஒரு ஞாயிறு தாருங்கள்

மேதகு ஆயர் ஆண்டகை அவர்களுக்கு,

ஸ்தோத்திரம்.

பந்தலூர் பக்கத்து மலைக்கிராமம் ஒன்றின் கிளைப்பங்கில் மறைக்கல்வி நடத்துகிறவள் எழுதுகிறேன். எந்தப் பங்கு, எந்தப் பங்குத்தந்தையின் மாற்றல் என்பது தங்களுக்குத் தெரியும். பெயர் போட்டு எழுதினால் போனவருக்கும் வந்தவருக்கும் சங்கடம் என்பதால் போடவில்லை.

மாற்றலை ரத்து செய்யுங்கள் என்று கேட்க இதை எழுதவில்லை. குருக்களை எங்கே அனுப்புவது என்பது ஆயரின் பொறுப்பு. ஐந்து வருடமோ ஆறு வருடமோ இருந்துவிட்டு அவர்கள் போவார்கள் என்பது எங்களுக்குப் பழகிப்போனதுதான். இதற்கு முன்னால் எத்தனையோ பேரை மாலை போட்டு, பாட்டுப் பாடி, ஜீப் வரைக்கும் வந்து வழியனுப்பியிருக்கிறோம். நாங்கள் கேட்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஃபாதர் ஒரு தடவை திரும்பி வரட்டும். தாய்க்கோயிலில் ஒரு பூசை, எங்கள் சிற்றாலயத்தில் ஒரு பூசை வைக்கட்டும். ஜனங்களிடம் சொல்லிக்கொண்டு போகட்டும்.

மாற்றல் கடிதம் வந்தது செவ்வாய்க்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை சாவியும் பதிவேடுகளும் கைமாறின. சனிக்கிழமை புதிய ஃபாதர் பணியேற்றார். இடையில் ஒரு ஞாயிறு கூட இல்லை. வாரநாளில் எங்கள் ஜனம் எங்கே இருக்கும் என்று ஆயர் இல்லத்தில் யாராவது ஒரு நிமிடம் யோசித்தார்களா? காலையில் தேயிலைத் தோட்டத்து ஆள் கணக்கெடுப்புக்கு, மஸ்டருக்கு, போனால் கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்ப சாயங்காலம் ஆகிவிடும். தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், மேல் லயத்தில் போன் சிக்னல் கிடையாது. டவுனில் இருக்கிற நாலைந்து குடும்பங்களுக்குச் செய்தி தெரிந்தது, அவர்கள் ஓடிப்போய்ப் பார்த்தார்கள். மற்றவர்களுக்குத் தெரியும்போது அவர் மலையை விட்டு இறங்கிவிட்டார்.

எங்கள் சிற்றாலயத்தில் மாதத்தில் இரண்டாம் ஞாயிறும் நான்காம் ஞாயிறும்தான் பூசை. அந்த இரண்டாம் ஞாயிறு நடந்ததைத் தங்களிடம் சொல்லியே ஆக வேண்டும்.

கோயில்பிள்ளை மணி அடித்துவிட்டார். ஜீப் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் வழக்கம்போல வளைவு வரைக்கும் ஓடினார்கள். இறங்கியது வேறு ஒரு சாமி. பிள்ளைகள் அப்படியே நின்றுவிட்டார்கள். புதிய ஃபாதர் நல்ல மனிதர், இளவயது. முதல் நாள் தன்னைப் பார்த்ததும் அத்தனை முகமும் வாடியதை அவரும் பார்த்தார். அவர் என்ன தப்பு செய்தார்? வந்த முதல் பூசையிலேயே ஒரு மனிதருக்கு அந்த நிலைமை வரலாமா?

அன்றைக்கு எங்கள் லயத்து அம்மாயி ஒருவருடைய வீட்டுக்காரருக்கு முப்பதாம் நாள் பூசை. அவரை அடக்கம் செய்தது பழைய ஃபாதர். கொட்டுகிற மழையில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது தேயிலைச் சரிவில் கால் வழுக்க, அவரே ஒரு பக்கம் தோள் கொடுத்தார். முப்பதாம் நாளுக்கும் நானே வருகிறேன் என்று அம்மாயியிடம் சொல்லியிருந்தார். புதிய ஃபாதர் பூசைக் கருத்துச் சீட்டை எடுத்து வாசித்தார். சீட்டில் இருந்தது பழைய ஃபாதரின் கையெழுத்து. இறந்தவர் பெயர், அதற்குக் கீழே 'பிறந்த இடம் மஸ்கெலியா', அதற்கும் கீழே 'மனைவிக்குக் காது கொஞ்சம் மந்தம், பெயரைச் சத்தமாகச் சொல்லவும்' என்று எழுதியிருந்தது. மூன்றே நாளில் மூட்டை கட்டச் சொன்னபோதும் அவர் எங்களுக்காக உட்கார்ந்து சீட்டு எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

புதிய ஃபாதர் பெயரைச் சத்தமாகவே சொன்னார். பூசை முடிந்ததும் அம்மாயி என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது இதுதான்: "சாமிக்கு எங்க மேல என்னம்மா கோவம்? ஒரு வார்த்த சொல்லாமப் போயிருச்சே."

இதற்கு நான் என்ன பதில் சொல்லட்டும், ஆண்டகை? கோபம் இல்லை அம்மாயி, மாற்றல் வந்துவிட்டது என்றேன். மாற்றல் வந்தால் சொல்லாமலா போவார்கள் என்றார். அப்புறம் என்னிடம் பேச்சு இல்லை.

அம்மாயி அளவுக்கு எல்லாரும் நல்ல மனதோடு கேட்கவில்லை. ஒரு குருவை வாரநாளில் அவசரமாக இறக்கினால் ஊர் வாய் சும்மா இருக்குமா? பணத்தில் ஏதோ பிசகாம், மேலிடத்தோடு மனத்தாங்கலாம், இன்னும் காதில் வாங்கக் கூசுகிற பேச்செல்லாம் டீக்கடையில் ஓடுகிறது. அவர் கணக்கு நோட்டைப் பங்குப் பேரவையில் வரிக்கு வரி வாசித்துக் காட்டுகிறவர். அவருக்கு இந்தப் பெயர் வர நாங்கள் காரணம் இல்லை. அவரும் காரணம் இல்லை. அந்த அவசரம்தான் காரணம். அவர் வந்து பீடத்தில் நின்று, கீழ்ப்படிந்து போகிறேன், எனக்காக ஜெபியுங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தனை வாயும் அடைந்துவிடும். அதனால்தான் ஒரு ஞாயிறு கேட்கிறோம்.

வழியனுப்புவது எங்கள் ஜனத்துக்கு ஏன் இவ்வளவு பெரிய காரியம் என்பதையும் தாங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் கிளைப்பங்கில் பாதிக்கு மேல் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்களின் குடும்பங்கள். 1964 அக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்கள் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்து லட்சத்து இருபத்தைந்தாயிரம் பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, மூன்று லட்சம் பேரை இலங்கை வைத்துக்கொள்வது, மிச்சம் இருந்தவர்களைப் பிறகு பார்த்துக்கொள்வது என்று ஒப்பந்தம். எங்கள் பெரியவர்களை யாரும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று ஆனது. அட்டனிலும் தலவாக்கலையிலும் ஏறிய அந்த ரயிலுக்கு அழுகைக் கோச்சி என்று அவர்கள் பெயர் வைத்தார்கள். தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் முகாம், அப்புறம் இந்த மலை. அவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பித்தது. ஸ்டேஷனில் கட்டிப்பிடித்து அழ முடிந்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி ஆறினார்கள். தேதி தெரியாமல் அனுப்பப்பட்டு, கூடப்பிறந்தவரிடம் சொல்லிக்கொள்ள முடியாமல் வந்தவர்கள் இன்றைக்கும் ஆறவில்லை. எங்கள் அம்மாயி அப்படி வந்தவர். அவருக்குத் தன் சாமியும் சொல்லாமல் போய்விட்டார்.

பழைய ஃபாதர் இதை எங்களைவிட நன்றாகப் புரிந்தவர். இறப்புப் பதிவேட்டில் குறிப்பு என்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, வழக்கமாக அது காலியாகத்தான் கிடக்கும். அவர் வந்த பிறகு அடக்கமான ஒவ்வொரு பெரியவருக்கும் அந்தக் கட்டத்தில் இலங்கையில் பிறந்த தோட்டத்து ஊரின் பெயரை எழுதினார். மஸ்கெலியா, பொகவந்தலாவை, புசல்லாவை என்று வரிசையாக இருக்கிறது. அங்கே இருந்து உறவுக்காரர் யாராவது ஒரு நாள் தேடி வந்தால் காட்ட வேண்டும் என்பார். லயம் லயமாக நடந்து, வயசானவர்களுடன் உட்கார்ந்து, ஒரு சாயத்தண்ணி குடித்துக்கொண்டே கேட்டு எழுதினது அது.

1983-ல் வந்த திருச்சபைச் சட்டத்தின் 529-வது பிரிவை உபதேசியார் பயிற்சியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். பங்குத்தந்தை தன்னிடம் ஒப்படைக்கப்பட்டவர்களை அறிந்திருக்க வேண்டும், வீடுகளுக்குப் போக வேண்டும், அவர்கள் கவலையிலும் சாவுத் துக்கத்திலும் பங்கெடுக்க வேண்டும், ஏழைகளையும் தனித்திருப்பவர்களையும் சொந்த நாட்டை விட்டுத் துரத்தப்பட்டவர்களையும் தேடிப்போக வேண்டும் என்று அதில் இருக்கிறது. இவர் அந்தப் பிரிவின்படியே வாழ்ந்தார். இத்தனை நெருக்கமாக இருக்கச் சொல்கிற சட்டத்தின் கீழ் இருப்பவரை, வெள்ளிக்கிழமை சாவியைக் கொடு என்று எப்படிச் சொல்ல முடிந்தது?

விவிலியத்தில் திருத்தூதர் பணிகள் நூலின் இருபதாம் அதிகாரத்தைத் தங்களுக்கு நான் எடுத்துச் சொல்வது முறையல்ல, மன்னிக்கவும். ஆனால் அதை வாசித்த பிறகுதான் இந்த மடலை எழுதும் தைரியம் வந்தது. பவுல் அவசரத்தில்தான் இருந்தார். பெந்தக்கோஸ்து நாளுக்குள் எருசலேம் போய்ச்சேர வேண்டும் என்று எபேசில் இறங்காமலே கடந்து போகிறார். அப்படியும் மிலேத்துவில் நின்று, எபேசுக்கு ஆள் அனுப்பி, சபை மூப்பர்களை வரவழைத்து, மூன்று வருடம் உங்களோடு எப்படி இருந்தேன் என்று பேசி, முழங்காலிட்டு ஜெபித்து, அவர்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுது, கப்பல் வரைக்கும் வந்து வழியனுப்பிய பிறகுதான் போகிறார். அந்த அவசரத்திலும் அவருக்கு நேரம் கிடைத்தது.

எங்கள் ஜனத்தைப் பற்றிய முடிவை எங்களிடம் கடைசியாகச் சொல்வது எல்லாருக்கும் வழக்கமாகிவிட்டது, அந்த வருத்தமும் இதில் சேர்ந்திருக்கிறது. 2022-ல் அந்த அரசுத் தேயிலைத் தோட்டத்து நிலத்தில் இரண்டாயிரம் ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பிக் கொடுப்பதாக அரசாணை வந்தது. வாழ்நாளெல்லாம் அந்தச் செடியில் குனிந்து நின்றவர்கள் அதைப் பேப்பரில் படித்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்ற பயத்திலேயே தூங்குகிறார்கள். பஸ் நேரத்தை மாற்றினாலும் சொல்ல மாட்டார்கள், ஸ்டாப்பில் நின்றுதான் தெரிந்துகொள்ள வேண்டும். யானை இறங்கியிருக்கிறது என்ற செய்தி கூட நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதுதான். அரசாங்கம் அப்படி நடந்தால் சரி, கோயிலுக்குப் போய் முறையிடலாம் என்று இருந்தோம். கோயிலும் அப்படி நடந்தால் எங்கே போவது?

கடுமையாக எழுதிவிட்டேன் என்று தோன்றினால் பொறுத்துக்கொள்ளுங்கள். தங்கள் மேல் மரியாதை குறைந்து எழுதவில்லை. குருக்கள் எத்தனை குறைவு, ஒருவரை ஓரிடத்துக்கு அனுப்ப நாலு இடத்தில் மாற்ற வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் எங்களுக்கும் தெரியும். ஆனால் அந்த நாலு இடத்திலும் ஒரு வாரம் இரண்டு வாரம் தள்ளி வைத்திருந்தால் என்ன கெட்டுப்போயிருக்கும்? ஒரு பிள்ளைக்குத் திருமண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாகிவிட்டது, மணமகன் வீடு கேரளாவில். அங்கிருந்து வர வேண்டிய கடிதம் யார் பெயருக்கு வரும் என்று அந்த வீட்டில் குழம்பிப்போய் நிற்கிறார்கள். வீட்டுக்கு நற்கருணை கொண்டுபோக வேண்டிய நோயாளிகள் யார் யார், எந்த லயத்துக்கு எந்த ஒற்றையடிப் பாதையில் போக வேண்டும் என்பதை எந்தப் பதிவேட்டில் எழுதிக் கொடுக்க முடியும்? கூட நடந்து காட்ட வேண்டியது அது. பழையவரும் புதியவரும் ஒரு வாரம் சேர்ந்து நடந்திருந்தால் ஜனங்களுக்குப் புதிய ஃபாதர் அந்நியராக வந்து இறங்கியிருக்க மாட்டார்.

ஆகையால் மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். எங்கள் ஃபாதருக்கு ஒரு ஞாயிறு அனுமதி கொடுங்கள். நான்காம் ஞாயிறாக இருந்தால் எங்களுக்கு வசதி, அன்றைக்கு சிற்றாலயத்தில் பூசை இருக்கும். காலை ஏழு மணிக்குத் தாய்க்கோயில், பத்தரைக்கு எங்கள் இடம். புதிய ஃபாதரிடம் கேட்டோம், தானும் உடன் நின்று பூசை வைப்பதாகச் சந்தோஷமாகச் சொன்னார். ஜீப் செலவை எங்கள் அன்பியக் குழுக்கள் பார்த்துக்கொள்ளும். மாலை, மேளம், பேனர் எதுவும் வேண்டாம் என்று பேசி முடித்துவிட்டோம், ஆகவே மறைமாவட்டத்துக்கு இதனால் எந்தத் தலைவலியும் வராது.

கூடவே இன்னொன்று. இனிமேல் எந்தப் பங்கில் மாற்றல் போட்டாலும், கடிதத்தின் தேதிக்கும் சாவி கொடுக்கும் தேதிக்கும் நடுவே, அந்தப் பங்கின் எல்லாக் கிளைகளிலும் ஒரு பூசை முடிகிற அளவுக்கு நாள் விடுங்கள். எங்கள் மாதிரி மாதம் இரண்டு பூசை கிடைக்கிற இடங்கள் இந்த மலையில் நிறைய. தாய்க்கோயிலுக்கு ஒரு ஞாயிறு போதும், எங்களுக்குப் போதாது. இதைக் குருக்கள் தாங்களே கேட்க மாட்டார்கள். கீழ்ப்படிதல் வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், கேட்டால் தவறாக நினைப்பார்களோ என்று பேசாமல் பெட்டியைக் கட்டிவிடுவார்கள். அதனால் நாங்கள் கேட்கிறோம்.

தங்கள் பதிலை, சரி என்றாலும் இல்லை என்றாலும், தயவுசெய்து புதிய ஃபாதர் வழியாக இரண்டு இடத்திலும் பூசையில் வாசிக்கச் சொல்லுங்கள். இந்த முறையாவது எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழட்டும். அம்மாயியை முன் பெஞ்சில் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

தங்கள் ஜெபங்களில் எங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துவில் பணிவுள்ள,
மறைக்கல்வி ஆசிரியை,
பந்தலூர் மலைப்பகுதி, நீலகிரி