ஆசிரியர் வட்டம்: 2024-25 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், சனிக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில், இந்த ஆண்டு ஒரே ஒரு வேலையை எடுத்து அதை ஒழுங்காகச் செய்வது என்று பேசி, பாட ஆயத்தத்தை, அதாவது வகுப்புக்கு முன் பாடக்குறிப்பு எழுதித் தயாராவதை, எடுத்துக்கொண்டோம். சிலர் முகம் சுளித்தது நினைவிருக்கிறது. "நோட்ஸ் ஆஃப் லெசன் எழுதியே கை வலிக்குது, இதில் வட்டமும் சேர்ந்துகொண்டதா?" என்று ஒரு டீச்சர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

வெயில் காரணமாக ஜூன் 6-இல் திறக்கவேண்டிய பள்ளிகள் 10-ஆம் தேதிக்குப் போயின. அந்த இடைவெளியில் முதல் கூட்டத்தை நடத்தினோம். ஆளுக்கொரு பழைய பாடக்குறிப்பேடு கொண்டுவரச் சொல்லியிருந்தோம். பிரித்து வைத்துப் படித்தபோது ஒரே ஆள் எழுதியதுபோல இருந்தது. 'முன்னறிவைச் சோதித்தல்' எல்லாவற்றிலும் இருந்தது. துணைக்கருவி என்ற இடத்தில் 'கரும்பலகை, சுண்ணக்கட்டி' என்று இருந்தது. என்னுடையதில் ஒரு பக்கத்தில் தேதியை மாற்றிவிட்டு ஆண்டை மாற்ற மறந்திருக்கிறேன். அதற்குக் கீழேயும் சரிபார்த்ததாகப் பச்சை மையில் கையெழுத்து விழுந்திருக்கிறது. சிரித்துத் தீர்த்தோம்.

சோம்பல் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. எமிஸ் என்ற கல்வித்துறை இணையதளத்தில் பதிவு, பயிற்சி, புள்ளிவிவரம் எல்லாம் முடிந்து வெள்ளிக்கிழமை மாலை உட்காரும்போது கை தானாகப் பழையதைத்தான் எழுதும். அப்புறம், நமக்குப் பயிற்சி நிறுவனத்தில் சொல்லிக்கொடுத்த சட்டகமும் ஒரு காரணம். ஆயத்தம், எடுத்துரைத்தல், ஒப்பிடுதல், பொதுமையாக்கல், பயன்படுத்தல் என்று மனப்பாடம் செய்தோமே, அது 1841-இல் மறைந்த ஜெர்மன் கல்வியாளர் ஹெர்பார்ட்டின் வழிவந்தவர்கள் வகுத்தது. அதில் ஆசிரியர் செய்வது எல்லாம் வரிசையாக வரும். பிள்ளை என்ன சொல்லும் என்று எழுத நாம் அதில் இடம் விட்டதே இல்லை.

ஆகவே ஒரே ஒரு கட்டத்தைக் கூடுதலாகப் போட்டோம்: 'பிள்ளைகள் எங்கே தடுக்கி விழுவார்கள்?' இந்த ஆண்டு நாம் செய்தது மொத்தமும் அந்தக் கட்டத்தை நிரப்பியதுதான்.

சோதனைக்கு எடுத்தது நாலாம் வகுப்புக் கழித்தல். 502-இலிருந்து 278. நாலைந்து பேர் சேர்ந்து குறிப்பு எழுதி, ஒருவர் நடத்த மற்றவர்கள் பின்னால் உட்கார்ந்து பிள்ளைகளைக் கவனிப்பது என்று ஏற்பாடு. ஜப்பானில் மெய்ஜி காலத்திலிருந்தே, அதாவது 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்தே, ஆசிரியர்கள் இப்படிச் செய்துவருகிறார்கள். ஜுக்யோ கென்க்யூ என்பது அதன் பெயர். அங்கேயும் பார்க்க வந்தவர்கள் ஆசிரியருக்கு மதிப்பெண் போடுவதில்லை. எந்தப் பிள்ளை எப்படி யோசிக்கிறது என்று குறித்துக்கொள்கிறார்கள்.

முதல் வகுப்பை நடத்தியது நான்தான். தோல்வி என்று சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஆனால் காரணம் பயனுள்ளது. ஈர்க்குக்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, பத்துக் கட்டைச் சேர்த்து நூறாக்கும் வேலையைப் பிள்ளைகளிடமே விட்டேன். குறிப்பில் அதற்கு 5 நிமிடம். ரப்பர் பேண்டு தெறித்து ஓட, குச்சியை எண்ணி எண்ணித் தப்பிப்போக, இரண்டாவது நூறு கட்டி முடிவதற்குள் மணி அடித்துவிட்டது. கழித்தல் வரவே இல்லை. முந்தைய நாள் வீட்டில் ஒரே ஒரு நூறை நானே கட்டிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

இரண்டாம் முறை குச்சி போய், அட்டையில் செய்த நூறு, பத்து ரூபாய்த் தாள்களும் ஒரு ரூபாய் வில்லைகளும் வந்தன. வேறொரு சார் நடத்தினார். தடுக்கும் இடம் என்ற கட்டத்தில் '376' என்று முன்கூட்டியே எழுதி வைத்திருந்தோம். சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்துவிடும் பழக்கம்: எட்டில் இரண்டு போக ஆறு, ஏழில் பூஜ்யம் போக ஏழு, ஐந்தில் இரண்டு போக மூன்று. எதிர்பார்த்தபடியே பலகைக்கு 376 வந்தது. அதை அழிக்கக்கூடாது, மணி அடிக்கும்வரை அது பலகையில் இருக்கவேண்டும் என்றும் குறிப்பில் இருந்தது. அழிக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று சாரைக் கேளுங்கள். இரண்டு முறை டஸ்டரை எடுத்து எடுத்துக் கீழே வைத்தார்.

பிறகு வழக்கம்போல, "ரெண்டுல எட்டு போகாது, பக்கத்து வீட்டுல கடன் வாங்கு" என்றார். ஒரு சிறுமி எழுந்தாள்.

"பக்கத்து வீடு பூட்டியிருக்கு சார்."

"அப்போ?"

"அடுத்த வீட்டுலதான் கேக்கணும். அவங்ககிட்ட நூறு ரூபாத் தாளாத்தான் இருக்கு. சில்லறை மாத்தணும்."

பின்வரிசையில் நாங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டோம். ஒரு நூறைப் பத்துப் பத்தாக மாற்றினாள், அதில் ஒரு பத்தைப் பத்து வில்லைகளாக மாற்றினாள். கையில் நான்கு நூறு, ஒன்பது பத்து, பன்னிரண்டு ஒன்று. 'நடுவில் உள்ள பூஜ்யம் ஒன்பதாகும்' என்று வருஷக்கணக்காக நாம் சூத்திரமாகச் சொல்லிவந்த ஒன்பது அங்கே மேசைமேல் கிடந்தது. 224 தானாக வந்தது. ஒரு நூறைப் பத்துகளாகவும் ஒரு பத்தை ஒன்றுகளாகவும் மாற்றுவதற்குப் பாடநூலில் உள்ள 'இனமாற்றம்' என்ற சொல்லும் அன்றைக்குத்தான் சில பிள்ளைகளுக்குப் பொருளோடு போய்ச் சேர்ந்தது. கடன் என்று சொல்வதை நான் அன்றே விட்டுவிட்டேன். வாங்குகிறோம், திருப்பிக் கொடுப்பதே இல்லை, அது என்ன கடன்?

மூன்றாம் முறை வேறொரு ஊர்ப் பள்ளியில் நடத்தியபோது அவளுடைய வாக்கியமே தொடக்கக் கேள்வி ஆனது. அங்கே ஒரு பையன் நூறு ரூபாய்த் தாளை நேராக நூறு வில்லைகளாக மாற்றி எண்ண உட்கார்ந்துவிட்டான். தப்பு என்று சொல்ல முடியாது, ஆனால் விடிந்துவிடும். அதையும் அந்தக் கட்டத்தில் சேர்த்திருக்கிறோம்.

செப்டம்பர் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம் நடந்தது. 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற தொடக்க வகுப்புகளுக்கான அரசுத் திட்டம் வந்தபின் ஆசிரியர் கையேட்டிலேயே எல்லாம் இருக்கிறதே, தனியாக ஆயத்தம் எதற்கு என்று கேட்டார்கள். கையேடு நல்ல துணை என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஈராசிரியர் பள்ளியில் ஒன்று, இரண்டு, மூன்று வகுப்புகளும் ஒரே அறையில், அதற்குள் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் மூன்று கற்றல் நிலைகளும் இருக்க, மலருக்குச் சொல்லிக்கொடுக்கும் பத்து நிமிடத்தில் அரும்பு என்ன செய்யும் என்பதைக் கையேடு எழுதமுடியாது, அந்த அறையில் நிற்பவர்தான் எழுதவேண்டும். அப்படி நிற்கும் ஒரு டீச்சர் தன் குறிப்பைக் காட்டினார். அரைப் பக்கம்தான். 'யார் கை சும்மா இருக்கும்?' என்று ஒரு வரி. வாதம் அதோடு முடிந்தது.

நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை. நம் மாவட்டத்தில் பள்ளிகள் பல நாள் மூடிக்கிடந்தன, டிசம்பர் கூட்டமும் நடக்கவில்லை. அட்டைத் தாள்கள் ஒரு பள்ளியில் ஊறி ஒட்டிப்போயின. திரும்பி வந்தபோது நாள் குறைவு, பாடம் அப்படியே. அடுத்த வகுப்பில் மறுபடி வரும் பாடத்தைச் சுருக்கலாம், அடுத்த பாடத்துக்கு அடிப்படையாக இருப்பதைத் தொடக்கூடாது என்று பிரித்து எழுதி வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். மற்றவர்கள் எல்லாவற்றையும் ஓட்டமாக ஓட்டினோம். நானும் அந்தக் கூட்டத்தில்தான்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஜெராக்ஸும் டீயும்தான் பெரிய செலவு.

வரும் ஆண்டுக்கு ஐந்தாம் வகுப்புப் பின்னங்களை எடுக்கலாம் என்பது செயற்குழுவின் யோசனை. அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதும் விடைத்தாள்கள் யாரிடமாவது இருந்தால், பிள்ளையின் பெயரை மறைத்துவிட்டு, முதல் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் வகுப்பை நடத்த ஒருவர் தேவை. இந்த முறை நான் இல்லை.

இப்படிக்கு,
செயலாளர்