ஆறு வருஷம் கழித்து என்னை மறுபடி கணக்கு எழுத வைத்தவர்களுக்கு

2017 மார்ச் 31ஆம் தேதி வருஷக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு வேலையை விட்டேன். அப்போது எனக்கு ஏழாவது மாதம். பையன் பிறந்து பதினோராம் நாள் ஜூலை 1, ஜி.எஸ்.டி. வந்துவிட்டது. அதுவரை நான் போட்டுப் பழகியிருந்த வாட் ரிட்டர்ன், சர்வீஸ் டாக்ஸ் எல்லாம் ஒரே ராத்திரியில் பழங்கதை. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே டிவியில் அந்தச் செய்தியைப் பார்த்தேன், திரும்பிப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். திரும்பிப் போக ஆறு வருஷம் ஆனது.

முதல் நன்றி, முன்பு என்னுடன் வேலை பார்த்த நங்கநல்லூர் தோழிக்கு. "யூடியூப்ல நிறைய இருக்கு, பாத்துக்கோ" என்று நீ சொல்லியிருந்தால் நான் தப்பு சொல்லியிருக்க மாட்டேன். நீ அப்படிச் சொல்லவில்லை. நான்கு மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், உன் தூக்கத்தை விட்டுவிட்டுப் பழைய பில்களைத் தரையில் பரப்பி உட்கார்ந்தாய். கோயம்புத்தூரிலிருந்து சரக்கு வந்தால் வரி பாதி மத்திய அரசுக்கு, பாதி மாநிலத்துக்கு. பெங்களூரிலிருந்து வந்தால் முழுதாக ஐ.ஜி.எஸ்.டி., அதாவது மாநிலம் விட்டு மாநிலம் வரும் சரக்குக்கான வரி. இது சுலபம். எனக்குப் புரியாமல் இருந்தது 2பி தான், அதாவது நமக்கு விற்றவர்கள் காட்டிய பில்களை வைத்து மாதா மாதம் ஜி.எஸ்.டி. தளத்தில் தானாக வரும் பட்டியல். நாம் காசு கொடுத்துச் சரக்கு வாங்கியிருப்போம், பில்லும் கையில் இருக்கும், ஆனால் விற்றவர் 11ஆம் தேதிக்குள் அவருடைய ஜிஎஸ்டிஆர் 1 என்ற விற்பனைக் கணக்கைப் போடவில்லை என்றால் அந்த மாதம் நம் 2பியில் அந்த பில் வராது, நமக்கு இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்டும் வரியில் கழித்துக்கொள்வது, கிடைக்காது. "அதனால 14ஆம் தேதி 2பியை எடுத்து பர்ச்சேஸோட ஒண்ணொண்ணா ஒப்பிடு, யார் பேர் இல்லையோ அவருக்குப் போன் போடு, 20ஆம் தேதி வரி கட்டக் கடைசி நாள், அதுக்கு அப்புறம் அழுது பிரயோஜனம் இல்ல" என்றாய். இன்றைக்கும் மாதா மாதம் அப்படியே செய்கிறேன், அதே வரிசையில்.

வேலை தேடிப் போன இடங்களைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஓர் அலுவலகத்தில், "பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பார்கள்?" என்று மூன்று தடவை கேட்டார்கள், கணக்கைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. 2017இல் நான் வாங்கியதைவிடக் குறைந்த சம்பளம் சொன்னார்கள். வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அதனால்தான் எங்கள் முதலாளியை நினைத்தால் மனசு நெகிழ்கிறது. பாரிமுனையில் ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்கிறவர். என் பயோடேட்டாவைப் பார்த்தார், ஒரு கட்டு பர்ச்சேஸ் பில்லை எடுத்து முன்னால் வைத்தார். "இதை எண்ட்ரி போட்டுக் காட்டும்மா" என்றார், அவ்வளவுதான். நான் போட்டு முடிக்கும்வரை பக்கத்தில் நின்று அவசரப்படுத்தவும் இல்லை. 2023 ஜூனில் சேர்ந்தேன். இரண்டே மாதத்தில், ஆகஸ்ட் 1 முதல் ஐந்து கோடிக்கு மேல் வியாபாரம் உள்ளவர்களும் வியாபாரிகளுக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிந்து வாங்க வேண்டும் என்று ஆனபோது, கடையில் எல்லோருக்கும் அது புதுசு. அந்த வாரம் முழுக்க பில்லிங்கில் இருக்கும் தம்பியும் நானும் ஒன்றாக உட்கார்ந்து கற்றுக்கொண்டோம். பில்லில் க்யூஆர் கோடு அச்சாகி வந்த அன்று, "அக்கா, வந்துடுச்சு" என்று அவன் கத்தினான் பாருங்கள், ஆறு வருஷ இடைவெளி என்ற ஒன்று இருந்ததையே நான் மறந்துபோனேன். தம்பி, கணக்கு எழுதும் டேலி பிரைம் சாஃப்ட்வேரில் எந்தச் சந்தேகம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லித் தந்ததற்கு ரொம்ப நன்றி.

கீழ்வீட்டு அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. சேர்ந்த புதிது, ஜூன் 19, திங்கட்கிழமை, விடியற்காலையில் மழை கொட்டி சென்னையில் பள்ளிக்கூடங்களுக்கு லீவு விட்டார்கள். அன்று 2பி வித்தியாசம் பார்த்து முடிக்க வேண்டும், மறுநாள் 20. ஊரிலிருந்து வந்து பையனைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தைக்கோ முழங்கால் வலி. வாசலில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். "சாவியக் குடுத்துட்டுக் கெளம்பு, ட்ரெயின் ஓடுதான்னு மட்டும் பாத்துக்கோ" என்றீர்கள். அன்று அவனுக்கு ரசம் சாதம் ஊட்டி, அத்தைக்கும் சாப்பாடு கொடுத்து, சாயங்காலம் ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் 'ஆ' வரை எழுத வைத்திருந்தீர்கள். அந்தச் சாவி அதன் பிறகு எங்கள் வீட்டுக்குத் திரும்பவே இல்லை.

அத்தை, வலியோடு இருந்தும் ஊருக்குப் போகிறேன் என்று ஒரு நாளும் நீங்கள் சொன்னதில்லை. இவர் காலை டிபனைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டார். அது என்னை எத்தனை லேசாக்கியது என்பது குரோம்பேட்டையில் தினமும் ரயிலைப் பிடிக்கிறவர்களுக்குப் புரியும். லேடீஸ் பெட்டியில், முதல் வாரம் நான் அழுதபோது எதுவும் கேட்காமல் தண்ணீர் பாட்டிலை நீட்டி, பீச் ஸ்டேஷன் வரை பக்கத்திலேயே உட்கார்ந்து வந்த அம்மாவுக்கும் நன்றி. அப்புறம் உங்களை நான் பார்க்கவே இல்லை.

அக்கா, இந்த மாதமும் 20ஆம் தேதி நான் வர நேரமாகும். சாவி உங்களிடமே இருக்கட்டும்.