கோடிட்ட இடம் சில நேரம் காலியாகவே இருக்கட்டும்: ஆங்கில இலக்கண கைடு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். தமிழ்வழிப் பிள்ளைகளுக்காக நீங்கள் எழுதும் கைடுகளை வைத்துக்கொண்டுதான் மாலை நேரத்தில் ட்யூஷன் எடுக்கிறேன். அட்டை மாறும், விலை மாறும், பிரிபொசிஷன் பாடம் மட்டும் மாறுவதில்லை. மணிக்கு ‘அட்’, கிழமைக்கு ‘ஆன்’, மாதத்துக்கும் வருஷத்துக்கும் ‘இன்’, கீழே கோடிட்ட இடங்களை நிரப்புக. நாலைந்து பாடம் தள்ளி ‘திஸ், தட், தீஸ், தோஸ்’ வரும். பக்கத்தில் இருந்தால் ஒரு பேனா படம், தூரத்தில் இருந்தால் ஒரு மரம். இந்த இரண்டு பாடங்களும் உங்கள் புத்தகத்தில் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. பேச்சில் இரண்டும் சேர்ந்தே வருகின்றன, பிள்ளைகள் இடறுவதும் அவை சேரும் இடத்தில்தான்.

‘இன் த மார்னிங்’ என்று ஒரு பிள்ளை மனப்பாடம் செய்கிறது. அப்புறம் ‘இன்று காலை வந்தேன்’ என்பதை ‘ஐ கேம் இன் திஸ் மார்னிங்’ என்று எழுதுகிறது. சொல்லிக்கொடுத்த விதியை அப்படியே கடைப்பிடித்ததால் வந்த பிழை இது. காலத்தைக் குறிக்கும் சொல்லுக்கு முன்னால் திஸ், தட், லாஸ்ட், நெக்ஸ்ட், எவ்ரி இவற்றில் ஒன்று வந்து உட்கார்ந்தால், ‘எப்போது’ என்று மட்டும் சொல்லும் பிரிபொசிஷன் பெரும்பாலும் எழுந்து போய்விடும். ‘அட் நைட்’ உண்டு, ஆனால் ‘தட் நைட்’. ‘ஆன் மண்டே’ உண்டு, ஆனால் ‘நெக்ஸ்ட் மண்டே’. இந்த ஒரு வரி உங்கள் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துவிட்டேன். கிடைக்கவில்லை.

இது பிள்ளைகளுக்குப் புதிய விஷயமே இல்லை என்பதுதான் எனக்கு ஆதங்கம். ‘காலையில் வருவான்’ என்று ‘இல்’ போட்டுச் சொல்லும் அதே பிள்ளை ‘இன்று காலை வந்தான்’ என்றுதான் சொல்லும். ‘போன வாரம் ஊருக்குப் போனோம்’, ‘இந்த வருஷம் மழையே இல்லை’: எங்கேயும் ‘இல்’ வருவதில்லை. ‘போன வாரத்தில் ஊருக்குப் போனோம்’ என்று வீட்டில் யாரும் இழுத்துப் பேசுவதில்லையே. ஆனால் ‘இன்று மாலைக்குள்’, ‘அன்று இரவு வரை’, ‘இன்று காலையிலிருந்து’ என்னும்போது உருபு நிற்கிறது, ஏனென்றால் அது வேறு சேதி சொல்கிறது. ஆங்கிலத்திலும் ‘பை திஸ் ஈவ்னிங்’, ‘அன்டில் தட் நைட்’, ‘சின்ஸ் திஸ் மார்னிங்’ என்று பிரிபொசிஷன் நிற்கத்தான் செய்கிறது. வெறும் ‘இல்’லுக்கு உரிய இடம்தான் காலியாகிறது. ‘அட் தட் டைம்’, ‘அட் திஸ் மொமென்ட்’ மாதிரி சில உண்டு, அவை விதிவிலக்கு என்று சொல்லிவிட்டால் போதும்.

இடத்திலும் இதே கதைதான். ‘கோ டு ஸ்கூல்’ படித்த வாய் ‘கோ டு தேர்’ என்கிறது. பள்ளிக்கூடத்துக்குப் போகிறோம், கடைக்குப் போகிறோம், ஆனால் ‘அங்கேக்கு’ யாரும் போவதில்லை. ‘அங்கே போ’ என்றால் முடிந்தது. திரும்பி வரும்போது மட்டும் ‘அங்கிருந்து’, அதாவது ‘ஃப்ரம் தேர்’. இரண்டு மொழியும் இவ்வளவு ஒத்துப்போகிற இடத்தைக் காட்டாமல், தமிழை மறந்துவிட்டு ஆங்கிலத்தில் யோசி என்று முதல் பக்கத்தில் அறிவுரை எழுதுகிறீர்கள். எதற்கு மறக்க வேண்டும்?

கோடிட்ட இடங்களுக்கு வருகிறேன். கோடு போட்டு இடம் விட்டால் பிள்ளை எதையாவது எழுதத்தான் செய்யும். ‘ஒன்றும் வேண்டாம்’ என்பதும் ஒரு விடை என்று அதற்குத் தெரிய வழியே இல்லை. என்னிடம் படிக்கும் ஒரு பெண், ‘ஐ மெட் ஹிம்’ என்பதற்கும் ‘தட் டே’ என்பதற்கும் நடுவே இருந்த கோட்டில் ஒரு சிறு பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தாள். விடைக்குறிப்பில் ‘ஆன்’ மட்டும் இருந்ததால் மதிப்பெண் இல்லை. ‘ஆன் தட் டே’ சரி, வெறும் ‘தட் டே’யும் சரி. சொல்லப்போனால் பேச்சில் அந்த வெறும் ‘தட் டே’ மிகவும் இயல்பு. அவள் எழுதாமல் விட்டது மறதியால் இல்லை, தெரிந்துதான்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு, அங்கேதான் நீங்கள் கூடுதலாக எழுத வேண்டும். நம்முடைய ‘அந்த’ ஒருமைக்கும் பன்மைக்கும் மாறாது: அந்தப் புத்தகம், அந்தப் புத்தகங்கள். அதனால்தான் ‘இன் தட் டேஸ்’ என்று எழுதுகிறார்கள். ‘இன் தோஸ் டேஸ்’ என்று திருத்திவிட்டு நிமிர்ந்தால் அடுத்த சிக்கல் வருகிறது: ‘இந்தக் காலத்தில்’ என்பதற்கு ‘இன்’ இல்லாமல் ‘தீஸ் டேஸ்’ போதும், ‘அந்தக் காலத்தில்’ என்றால் மட்டும் ‘இன்’ வேண்டும். இதற்கு விதி சொல்லி மழுப்ப வேண்டாம், வழக்கு அப்படி என்று நேராக எழுதிவிடுங்கள். அடுத்தது ‘அது’. ‘இட்’டுக்கும் ‘தட்’டுக்கும் நம்மிடம் ஒரே சொல். டிபன் பாக்ஸைக் காட்டி ‘அதில் வை’ என்பதைப் பிள்ளைகள் ‘புட் இட் இன் தட்’ என்கிறார்கள். இலக்கணப்படி தவறில்லை. ஆனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் அந்த இடத்தில் பெரும்பாலும் ‘புட் இட் இன் தேர்’ என்பார்கள். அறை புழுங்கினால் ‘இட்ஸ் ஹாட் இன் ஹியர்’. பிரிபொசிஷனுக்குப் பின்னால் ஹியர், தேர் வந்து நிற்கும் இந்தப் பழக்கம் ஆங்கிலப் பேச்சில் நாள் முழுக்க வருகிறது. கைடில் ஒரு பயிற்சிகூட இல்லை.

இன்னொன்று சொல்லியாக வேண்டும், இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கே உற்சாகம் வந்துவிடுகிறது. தமிழில் சுட்டு முதலில், உருபு பின்னால்: அத்-உடன், அதன்-பின், அதன்-ஆல். ஆங்கிலம் தலைகீழ் என்று சொல்லித் தருகிறோம். ஆனால் ஆங்கிலமும் ஒரு காலத்தில் இந்த வரிசையில் தாராளமாகப் பேசிய மொழிதான். ‘தேர்’ முன்னால், பிரிபொசிஷன் பின்னால்: தேர்பை, தேர்இன், தேர்ஆன், தேர்ஆஃப்டர். 1611-இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளைப் புரட்டினால், இன்று ‘இட்ஸ்’ என்று எழுதும் இடங்களில் ‘தேர்ஆஃப்’ வந்துகொண்டே இருக்கும். ஜெர்மன் மொழியில் ‘டாமிட்’ (அதனுடன்), ‘டாரௌஃப்’ (அதன்மேல்) என்று இன்றைக்கும் சாதாரணப் பேச்சில் இது உண்டு. ஆங்கிலத்தில் பெரும்பாலும் பத்திரங்களுக்குள் ஒதுங்கிவிட்டது. ‘தேர்ஃபோர்’ மட்டும் தெருவில் நடமாடுகிறது. பிரித்துப் பார்த்தால் அதுவும் ‘அதற்காக’தான். விண்ணப்பக் கடிதத்தில் ‘என்க்ளோஸ்டு ஹியர்வித்’ என்று அர்த்தம் தெரியாமல் காப்பி அடிக்கிறார்களே, அது ‘இத்துடன் இணைத்துள்ளேன்’ என்பதில் வரும் ‘இத்துடன்’. ‘ஹியர்பை’ என்றால் ‘இதன்மூலம்’. துண்டு துண்டாகப் பொருந்துகிறது. கடிதப் பாடத்தில் இரண்டு வரி சேர்த்தால் பக்கம் ஒன்றும் கூடிவிடாது.

‘அட் தட்’ போன்றவற்றை மேல்வகுப்புக்கு வைத்துக்கொள்ளலாம். ‘எ ஸ்மால் ஹவுஸ், அண்ட் அன் ஓல்டு ஒன் அட் தட்’ என்றால் ‘சின்ன வீடு, அதுவும் பழசு’. அந்த ‘அதுவும்’தான் ‘அட் தட்’. சொல்லுக்குச் சொல் பார்த்தால் விளங்காது, வாக்கியமாகக் கொடுத்தால் ஒரு நிமிஷ வேலை.

அடுத்த பதிப்பில் நான் கேட்பது அதிகம் இல்லை. பிரிபொசிஷன் பாடத்தின் முடிவில் திஸ், தட், ஹியர், தேர் கலந்த ஒரு பயிற்சி வையுங்கள், அதில் சில கோடுகளுக்கு விடை ‘ஒன்றும் வேண்டாம்’ என்றே இருக்கட்டும். கேள்விக்கு மேலே ‘தேவையில்லை என்றால் பெருக்கல் குறி இடுக’ என்று அச்சிடுங்கள். விடைக்குறிப்பில், இரண்டும் சரியாக இருக்கும் இடத்தில் இரண்டையும் போடுங்கள். திருத்துகிற ஆசிரியர் உங்கள் புத்தகத்தைப் பார்த்துத்தான் பேனாவை எடுக்கிறார்.

இப்படிக்கு,
உங்கள் புத்தகத்தை வைத்துப் பாடம் நடத்தும் ஒரு ட்யூஷன் ஆசிரியர்