ஷங்ரிலா கலந்துரையாடலுக்கு வரும் தற்காப்பு அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அமைச்சர்களே,

2002இலிருந்து, கோவிட் தடுத்த இரண்டு ஆண்டுகள் நீங்கலாக, ஆண்டுதோறும் ஷங்ரிலா ஹோட்டலில் நடக்கும் இந்தப் பாதுகாப்பு மாநாட்டுக்காகச் சிங்கப்பூருக்கு வருகிறீர்கள். அந்த மூன்று நாளும் ஹோட்டலைச் சுற்றிக் காவல் பலமாகும். உள்ளூர்க்காரர்களான எங்களுக்கு அது பழகிவிட்டது. உங்கள் மேடைப் பேச்சையும் ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடுவோம்! எங்களுக்கு வேண்டியது, நீங்கள் தனி அறையில் உட்கார்ந்து பேசுவதுதான்.

2023 ஜூனில் என்ன நடந்தது என்று நினைத்துப் பாருங்கள். அன்றைய அமெரிக்கத் தற்காப்பு அமைச்சர் ஆஸ்டினைத் தனியாகச் சந்திக்கச் சீனா மறுத்தது. அன்றைய சீனத் தற்காப்பு அமைச்சர் லீ ஷாங்ஃபூ மீது அமெரிக்கா 2018இல் விதித்த தடை அப்படியே இருந்தது; சீனாவின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமை விருந்தில் இருவரும் கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான். மறுநாளே தைவான் நீரிணையில் ஒரு சீனப் போர்க்கப்பல், அமெரிக்கக் கப்பலின் முன்னால் சுமார் 150 கெஜ தூரத்தில் குறுக்கே வெட்டிப் போனது. ஒரு மாலுமியின் கை சற்றுப் பிசகியிருந்தால்?

அடுத்த ஆண்டு இதே ஊரில் ஆஸ்டினும் லீக்குப் பின் வந்த சீன அமைச்சர் டோங் ஜுன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். 2024 செப்டம்பரில் இரு நாட்டுப் படைத் தளபதிகளும் காணொளி வழியாகப் பேசிக்கொண்டார்கள். எல்லாம் அந்த ஒரு சந்திப்பால் வந்தது என்று சொல்லமாட்டேன். ஆனால் அது உதவியது. அப்புறம் 2025இல் டோங் ஜுன் வரவே இல்லை. கோபம் இருக்கும்போதுதானே வரவேண்டும்?

பேச்சு வேலையாக மாறியதும் உண்டு. மலாக்கா நீரிணையில் கடற்கொள்ளையர் தொல்லை பெருகி, 2005 ஜூனில் லண்டன் கப்பல் காப்பீட்டுக்காரர்கள் அதைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தார்கள். அதே மாதம் இந்த மாநாட்டில் மலேசியாவின் அன்றைய தற்காப்பு அமைச்சர் நஜிப் ரசாக் கூட்டு வான்சுற்றுக் காவலை முன்மொழிந்தார். செப்டம்பரிலேயே விமானங்கள் பறந்தன: விமானம் ஒரு நாட்டுடையது, உள்ளே அண்டை நாட்டு அதிகாரிகளும் இருப்பார்கள். 2006 ஆகஸ்டில் நீரிணை அந்தப் பட்டியலிலிருந்து நீங்கியது. கடலில் முன்பே ரோந்துக் கப்பல்களும் இருந்தன, சரி. ஆனாலும் யோசனை பிறந்து மூன்றே மாதத்தில் விமானம் கிளம்பியது, பாருங்கள்.

அதனால் ஒரு கோரிக்கை. அடுத்த முறை முதல் அமர்வில் புதிய உரை வேண்டாம். சென்ற முறை சொன்னதில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று ஆளுக்கு ஐந்து நிமிடம் சொல்லுங்கள். அதை நாங்களும் கேட்கும்படி நேரலையில் விடுங்கள்.

இப்படிக்கு,
சிங்கப்பூர்வாசி ஒருவர்